பேப்பரில் வந்த மீன்பெட்டி

நிருபர் தம்பிகளே, போன வாரம் விழுப்புரத்தில் என் கதையை வைத்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் கேள்வி. "சார், நெசமாவே உங்கள லாரி வுட்டுத் தொரத்துனாங்களா?" அடப் பாவிகளா! திண்டிவனத்தில் நான் நிருபராக இருந்த காலம் முழுக்க என்னைத் துரத்தியவை தெருநாய்கள் மட்டும்தான். அதுவும் என் மொபெட் சத்தம் அவற்றுக்குப் பிடிக்காததால்.

படத்தின் டைரக்டர் தம்பி என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கதை கேட்டுவிட்டுப் போனவர்தான். செய்யாத கொலைக்கு ஆயுள் தண்டனை வாங்கியவனை ஒரு பத்திரிகைக்காரன் துப்பறிந்து வெளியே கொண்டுவருகிறான். நல்ல கதை, விறுவிறுப்பாகவும் எடுத்திருக்கிறார். நானே இரண்டு இடத்தில் கைதட்டினேன். ஆனால் ஹீரோவுக்குத் தோல் ஜாக்கெட் போட்டுவிட்டிருக்கிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அப்படி ஒருவன் நடந்து வந்தால் நானே முதலில் போலீசுக்குப் போன் பண்ணியிருப்பேன்.

அதுகூடப் போகட்டும். படத்தில் ஓர் ஆளைக் காணோம். அந்த ஆள் இல்லாவிட்டால் கதையே இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இது என் பெருமையையும் சேர்த்துச் சொல்வதுதான், மறைக்கவில்லை. பெருமைப்பட ஏதாவது இருந்தால் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி.

அனந்தபுரம் பக்கம் ஒரு மல்லாட்டை வியாபாரி, நிலக்கடலை மூட்டை வாங்கி விற்பவர். சந்தை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவரை யாரோ அடித்துப் போட்டுவிட்டார்கள், செத்துப்போனார். அதே சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் ஏழுமலை. வியாபாரி எடையில் ஏமாற்றுகிறார் என்று முந்தின வாரம் பத்துப் பேர் முன்னால் அவரோடு சண்டை போட்டிருந்தார். போலீஸ் ஏழுமலையைத் தூக்கியது. வழக்கு நடந்து ஆயுள் தண்டனை ஆனது. நாங்கள் எல்லோரும் செய்தி போட்டோம், மறந்தோம்.

தீர்ப்பு வந்து ஒரு வருடம்போல ஆகியிருக்கும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த என் அறைக்கு ஒரு பெண் வந்தார். ஏழுமலையின் மனைவி அஞ்சலை. சொந்த ஊரில் 'கொலகாரன் பொண்டாட்டி' என்ற பேச்சைக் கேட்க முடியாமல், மகளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்தில் தாய் வீட்டுக்கே வந்துவிட்டவர். சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"எங்க வூட்டுக்காரரு பண்ணலன்னு ஒரே ஒரு வரி போடுங்க சார்."

"அப்படியெல்லாம் போட முடியாதும்மா. கோர்ட்டு தீர்ப்பு சொல்லிடுச்சி."

"கொலகாரன்னு மட்டும் அன்னிக்கே போட்டீங்களே, கோர்ட்டு சொல்றதுக்கு முன்னாடியே?"

சுருக்கென்றது. தீர்ப்பு நகலைக் கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன் என்றேன். அவரை அனுப்பிவைக்கத்தான் அப்படிச் சொன்னேன். அவரோ நகலைப் பையிலேயே வைத்திருந்தார். அங்கேயே உட்கார்ந்துகொண்டார். நான் படித்து முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

வழக்கு முழுக்க ஒரே ஒரு சாட்சியின் மேல் நின்றிருந்தது. அந்த வழியாக நடந்து போன ஒருவர், சம்பவ இடத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாகப் போனதைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். ஓட்டியவர் ஏழுமலை. வண்டியின் பின்னால் நீல நிற மீன்பெட்டி கட்டியிருந்தது. இவ்வளவு துல்லியமாகச் சொன்னால் எந்த நீதிபதிதான் நம்பமாட்டார்? பிடித்த வண்டியில் பெட்டி இல்லையே என்ற கேள்விக்கும் போலீஸ் பதில் வைத்திருந்தது. ஆதாரத்தை மறைக்க ஏழுமலையே அதைக் கழற்றி எறிந்துவிட்டாராம்.

"பெட்டிய எங்கம்மா போட்டாரு?" என்று அஞ்சலையிடம் கேட்டேன்.

"இன்னா பெட்டி? எங்க வண்டில மல்லாட்டை மூட்டையும் எம் பொண்ணும் தவுர வேற எதுவும் ஏறுனதே இல்ல. மீனு விக்க நாங்க இன்னா கடலோரத்துலயா இருக்கோம்?"

குற்றவாளியின் மனைவி அப்படித்தான் சொல்வார் என்று நினைத்தேன். ஆனால் அந்த நீலப் பெட்டி மட்டும் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. அதை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே? சாப்பிடும்போது யோசித்தேன், மொபெட்டில் போகும்போது யோசித்தேன். மறுநாள் பஞ்சாயத்துக் கூட்டம் ஒன்றில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது சட்டென்று பொறிதட்டியது. பேப்பரில். ஏழுமலையைக் கைது செய்த மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்த படத்தில்.

எல்லாப் பேப்பரிலும் ஒரே படம் எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். ஸ்டேஷனில் 'பிடிச்சிட்டோம், வாங்க' என்றால் ஒருவர் போய் எடுப்பார், வாட்ஸ்அப் குழுவில் போடுவார், எல்லோரும் அவரவர் ஆபீசுக்குத் தள்ளிவிடுவோம். மாவட்டம் பெரிது, ஆள் குறைவு. தப்பென்று சொல்லவில்லை. அப்படி எடுத்துப் போடுகிறவர் எங்களுக்கெல்லாம் தாமசுதான்.

தாமசுக்கு விழுப்புரத்தில் ஸ்டூடியோ. கல்யாணமும் காதுகுத்தும் அவருக்குச் சோறு போட்டன. பேப்பருக்குப் படம் எடுப்பது கௌரவம். "தாமஸ் படம்னா கண்ண மூடிக்கினு போடலாம்" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுக்கத் தாமசு தரையில் நடக்கமாட்டார். நான் போய் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுக்கச் சொன்னேன். கம்ப்யூட்டரில் திறந்தார். ஏழுமலை நிற்கிறார், பக்கத்தில் மோட்டார் சைக்கிள். வண்டியின் பின்னால் டயர் டியூபால் இறுக்கிக் கட்டிய நீலப் பெட்டி.

"தாமசு, இந்த வண்டி யாருது?"

"ஏழுமலைதுதான். வேற யாருதாம்?"

"பெட்டி?"

அவர் படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார். ஃபேனைக் கூட்டி வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அவன் வண்டி உள்ளாற ஒரு லாரிக்குப் பின்னால மாட்டிக்கினு இருந்துச்சி சார். எனக்கோ மயிலத்துல கல்யாணம், தாலி கட்ட நேரமாயிடுச்சி. 'அட எதுனா ஒரு வண்டி பக்கத்துல நிறுத்தி எடுப்பா, ஜல்தி'ன்னாரு ஒரு போலீஸ்காரரு. எது கிட்ட இருந்துச்சோ அது பக்கத்துல நிறுத்தி எடுத்தேன். நம்பர் பிளேட்டு தெரியாம அவன் காலாலயே மறச்சேன். ஒரு படம் தானே சார்…"

கொலை நடந்து பல நாள் ஒரு சாட்சிகூட இல்லை. படம் பேப்பரில் வந்த பிறகுதான் சாட்சி வந்தார். ஏழுமலையிடம் இல்லாத பெட்டி, தாமசின் படத்தில் இருந்தது, சாட்சியின் வாயிலும் வந்தது. அந்த மனிதர் ரோட்டில் எதையும் பார்க்கவில்லை. டீக்கடையில் பேப்பரைப் பார்த்திருக்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். படத்து ஹீரோ இந்த இடத்தில் 'அவன் நிரபராதி!' என்று கத்துகிறார். நான் கத்தவில்லை. ஏழுமலை கொல்லவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? சாட்சி பொய் என்பது மட்டும்தான் தெரியும். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் இருக்கும் கோட்டைத் தாண்டாமல் நிற்பதுதான் நம் வேலையில் பாதி.

விழுப்புரத்தில் ஏழுமலையின் மேல்முறையீட்டை ஒரு வக்கீலம்மா எடுத்திருந்தார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், பேச்சில் என்னைவிடக் காரம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படம் எடுத்தவர் கோர்ட்டுல வந்து சொல்லணும். வண்டிக்காரரும் வரணும். ரெண்டும் இல்லன்னா இது வெறும் டீக்கடைப் பேச்சுதான் சார்" என்றார்.

தாமசிடம் போய்ச் சொன்னேன். குதித்தார். "நான் எடுத்த படம் தப்புன்னு நானே கோர்ட்டுல ஏறிச் சொல்லணுமா? அப்புறம் எவன் சார் எனக்குப் படம் எடுக்கக் கூப்டுவான்? ஸ்டேஷன் பக்கம் தலவச்சிப் படுக்க முடியுமா? பேஜாராப் பூடும்!" எனக்கும் கோபம் வந்தது. ஒருவன் ஜெயிலில் கிடக்கிறான், உனக்கு உன் ஸ்டூடியோ பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். மிரட்டி வாங்குகிற சாட்சியம் குறுக்கு விசாரணையில் நிற்காது என்று எனக்குத் தெரியும். "சரி, ஒண்ணும் சொல்ல வேணாம். மரக்காணம் வரைக்கும் போகணும், என் மொபெட்டு தாங்காது. நீ வண்டி மட்டும் ஓட்டு, போதும்" என்றேன்.

நீலப் பெட்டி மீன் வியாபாரியுடையதாகத்தான் இருக்கும், கடலோரத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்பது என் கணக்கு. படத்தைக் காட்டிக்கொண்டே போனோம். ஆளுக்கு ஒரு பக்கம் கைகாட்டினார்கள், அலைந்தோம். கடைசியில் ஒரு குப்பத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண், "இது எங்க மாமன் வண்டியாச்சே" என்று எங்களை ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்காரர் படத்தைப் பார்த்ததும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"இதத்தான நான் ஊரெல்லாம் காட்டிக்கினு இருக்கேன்!" உள்ளே போய் ஒரு பேப்பர் துண்டை எடுத்து வந்தார். லேமினேட் செய்து வைத்திருந்தார். அன்று லைசன்ஸ் இல்லாமல் மாட்டி, வண்டியை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தவராம். மறுநாள் பேப்பரைப் பார்த்தால் அவர் வண்டி! "கொலகாரன் பக்கத்துல நின்னா இன்னா சார், நம்ப வண்டி பேப்பர்ல வந்துச்சா இல்லியா? பெட்டில அந்த ஓட்டைய நான்தான் தார் ஊத்தி அடச்சேன், பாருங்க, தெரியுது."

"இத நீங்க யார்கிட்டயும் சொல்லலியா?"

"எல்லார்கிட்டயும்தான் சொன்னேன். கேட்டு இன்னா பண்ணப் போறாங்க? சிரிச்சாங்க."

நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய? தாமசு சிரிக்கவில்லை. அந்த லேமினேட்டைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆளைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். திரும்பி வரும் வழியில் திண்டிவனம் மேம்பாலத்தில் ஏறும்போதுதான் முதுகு காட்டியபடியே சொன்னார். "வக்கீலம்மாகிட்ட நான் வர்றேன்னு சொல்லுங்க." நான் சரி என்றேன். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. சில நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பதும் நிருபரின் வேலைதான்.

உண்மையான நெருக்கடி அதற்குப் பிறகு வந்தது. அந்தப் படம் எந்தத் தேதியில் வந்தது என்று உறுதிசெய்ய எங்கள் சென்னை ஆபீசில் பழைய பேப்பர் கேட்டிருந்தேன். அதை வைத்து எடிட்டர் மோப்பம் பிடித்துவிட்டார். போனில் கத்தினார்.

"இவ்வளவு பெரிய மேட்டரை மடியில வச்சிக்கிட்டு என்ன சார் பண்றீங்க? நாளைக்கு முதல் பக்கம். உங்க பேர் போட்டு, உங்க போட்டோ போட்டு."

முதல் பக்கம்! பெயர்! சொல்லட்டுமா, ஆசை இல்லாமல் இல்லை. எத்தனை வருடம் ஏரி நிரம்பியது, பஸ் கவிழ்ந்தது என்று எழுதிய கை. வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். ஒரே மூச்சில் சொன்னார். "நாளைக்குப் போடுங்க. நாளான்னிக்கு அந்தச் சாட்சி, 'பெட்டியா, அது பெட்டி மாதிரி மூட்டை'ம்பாரு. மீன்காரருக்கு யாராவது போய் புத்தி சொல்லுவாங்க, அவரும் 'எனக்கு ஒண்ணும் தெரியாது'ம்பாரு. கோர்ட்டுல பதிவாகட்டும் சார். உங்களுக்குப் பேர் வேணுமா, அவர் வெளிய வரணுமா?"

எடிட்டரிடம் முடியாது என்றேன். யார் சம்பளத்தில் யாருக்கு வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சென்னையிலிருந்து வேறு ஆளை அனுப்பி எழுதவைக்கவா என்றார். தாராளமாக அனுப்புங்கள், தாமசு அவரிடம் வாய் திறக்கமாட்டார், கோர்ட்டில் சொல்லப்போவதை முன்னாலேயே எழுதி வழக்கு கெட்டால் நம் பேப்பர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஆனால் எடிட்டரைச் சமாளித்தது ஒன்றுமே இல்லை. அன்று சாயங்காலம் அஞ்சலை வந்தார். வக்கீலம்மா மூலம் விஷயம் தெரிந்திருந்தது. முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார்.

"நாளைக்கே போட்டுடுங்க சார். எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல யாரோடயும் ஒக்காரமாட்டேங்குது. அந்தப் பேப்பர எடுத்துக்கினு நான் எங்க ஊருக்கே போய் ஒவ்வொரு வூட்டுலயும் போட்டுட்டு வர்றேன்."

"இப்ப போட முடியாதும்மா. கோர்ட்டுல சொல்லி முடியட்டும்."

"எவ்ளோ நாளாவும்?"

"தெரியல."

அவர் முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை. "அன்னிக்குப் போட்டதுக்கு யாரயும் கேக்கல. இன்னிக்கு நல்லதப் போடச் சொன்னா ஆயிரம் சட்டம் பேசுறீங்க" என்று சொல்லி, அழுதுகொண்டே படியிறங்கிப் போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனாலும் நான் போடவில்லை. ஊர் வாயை அடைக்க நாளைக்கே ஒரு பேப்பர் போதும், ஜெயில் கதவைத் திறக்க அது போதாது. இரண்டில் ஒன்றைத்தான் என்னால் அவருக்குக் கொடுக்க முடியும் என்று தோன்றியது. எதைக் கொடுப்பது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. டைரக்டர் தம்பியிடம் இதைச் சொன்னபோது, "சார், பொறுத்திருக்கிறதை ஸ்கிரீன்ல எப்படிக் காட்டறது?" என்று கேட்டார். அதனால்தான் சினிமாவில் லாரி வந்தது.

மேல்முறையீட்டைக் கேட்ட ஐகோர்ட்டு, விழுப்புரத்திலேயே கூடுதல் சாட்சியம் எடுக்க உத்தரவிட்டது. விழுப்புரம் கோர்ட்டில் தாமசு கூண்டேறிய நாளில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். அரசு வக்கீல் விடவில்லை.

"அப்போ நீங்க தப்பான படத்தை எடுத்து எல்லாப் பேப்பருக்கும் அனுப்பினவர்?"

"ஆமாங்க."

"பொய்யா எடுத்தவர்?"

"ஆமாங்க. அன்னிக்கு அது பொய்ப் படம்தான்."

"அன்னிக்குப் பொய் சொன்னவர் இன்னிக்கு உண்மை சொல்றீங்கன்னு கோர்ட்டு எப்படி நம்பும்?"

"என்ன நம்ப வேணாங்க. வண்டிக்காரரு வெளிய நிக்கிறாரு, அவரக் கேளுங்க. பெட்டியும் எடுத்துக்கினு வந்திருக்காரு."

உண்மையில் அந்தப் பெட்டியைப் பற்றி அதற்கு முன்பே கோர்ட்டு வராந்தா முழுக்கத் தெரிந்திருந்தது. காலையில் மீன் விற்றுவிட்டுக் கழுவாமல் கொண்டுவந்திருந்தார் மனிதர். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற கோர்ட்டுக் காவலர், "யோவ், எடுத்துக்கினு வெளிய போய்யா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மீன்காரர் நகரவில்லை. தார் ஊற்றி அடைத்த ஓட்டையைப் படத்தோடு சேர்த்துப் பார்த்த பிறகு யாருக்கும் கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

தாமசு கூண்டிலிருந்து இறங்கி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் எழுந்து நின்றேன். கோர்ட்டில் நீதிபதிக்கு மட்டும்தான் எழுந்து நிற்பார்கள். நான் தாமசுக்காக நின்றேன். என் வேலைக்காலத்தில் நான் பார்த்த பெரிய தைரியம் அதுதான். அந்தச் சினிமாவில் தாமசே இல்லை! எல்லாவற்றையும் ஹீரோவே கண்டுபிடித்துவிடுகிறார். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

பயந்த மாதிரி ஸ்டூடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டேஷன் பக்கம் கொஞ்ச நாள் முறைத்தார்கள், அவ்வளவுதான். எடிட்டர் மட்டும் கோபத்தை மறக்கவில்லை. மேல்முறையீட்டில் ஏழுமலை விடுதலை என்ற செய்தி எல்லாப் பேப்பரிலும் பெரிதாக வந்தது. எங்கள் பேப்பரில் உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தி, என் பெயர் இல்லாமல். அதை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். என்னுடைய ஆகப் பெரிய செய்தி எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

விடுதலையான அன்று கடலூர் ஜெயில் வாசலில் கூட்டம். மீன்காரர்கூட வந்திருந்தார். தாமசு கேமராவைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நின்றார். அஞ்சலை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். அன்று படியிறங்கிப் போனதிலிருந்து என்னிடம் பேசவில்லை, அன்றும் பேசவில்லை. சின்னக் கதவு திறந்தது. ஏழுமலை குனிந்து வெளியே வந்தார், இளைத்துக் கறுத்துப்போய், தோளில் ஒரு துண்டோடு. தாமசு கேமராவை உயர்த்தினார். உடனே எங்கள் பத்திரிகைப் பையன்கள் எல்லோரும் உயர்த்தினார்கள்.

அவ்வளவு கேமராக்களைப் பார்த்ததும் ஏழுமலை சட்டென்று தோளிலிருந்த துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

யாரும் பட்டனை அழுத்தவில்லை. தாமசு கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். அஞ்சலை மகளின் கையை விட்டுவிட்டு நேராக நடந்து போய்த் துண்டைப் பிடித்து இழுத்தார். இழுத்ததைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எதுக்குய்யா மூடிக்கினு? நீ இன்னா பண்ண? நிமிந்து பாரு." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "இப்ப எடுங்க சார். எல்லாரும் எடுங்க."